வலை போடாத கிழமை

இந்த ஊரில் மீனுக்குத் தலை கிடையாது. பெரிய மீன்பிடித் துறைமுகம் இருக்கிற நகரம். காற்றுத் திரும்பினால் பல்கலைக்கழக நூலகத்துக்குள்ளும் மீன் மணம் வரும். ஆனாலும் கடைப் பலகையில் கிடக்கும் மீனுக்குத் தலையும் இல்லை, முள்ளும் இல்லை, தோலும் இல்லை. நனைந்த பஞ்சுபோல வெள்ளைத் துண்டுகள். எது என்ன மீன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகிய எனக்கு, முகமே இல்லாத மீனை வாங்குவது ஆள் தெரியாமல் ஒருவரை வீட்டுக்குள் விடுவதுபோல இருந்தது. படிக்க இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, தலைகளை என்ன செய்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் இரக்கத்தோடு பார்த்து, "பூனைக்கா?" என்றார். ஆம் என்று சொல்வதுதான் எனக்கு இலகுவாக இருந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பெரிய தலைகளாகப் பார்த்துப் பழைய பத்திரிகையில் சுற்றி, காசு வாங்காமல் தருகிறார். ஒருநாள் பூனையின் பெயரைக் கேட்டார். அவசரத்துக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. "பரமு" என்றேன்.

பரமு என்பது என் அறைத்தோழி பரமேஸ்வரி அக்காவின் வீட்டுப் பெயர். அவர் இங்கே ஆஸ்பத்திரியில் தாதி. நான் சொன்னதைக் கேட்டு அகப்பையோடு திரும்பி நின்றார்.

"என்ரை பேர்தானோடி உனக்குக் கிடைச்சது?"

"கேட்டவுடனை அதுதான் வந்தது அக்கா."

"வரும், வரும். அந்தத் தலையை உடைச்சு உறிஞ்சேக்கை பூனை ஆரெண்டு கடைக்காரன் வந்து பாக்கவேணும்."

அக்கா வன்னியில் நெளுக்குளத்துக்காரி. அவருடைய தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே காணி பெற்று நெல் விதைப்பவர்கள். நான் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. அப்பாவுக்குக் கடலிலும் நந்திக்கடலிலும் தொழில். ஊரில் என்றால் எங்கள் இரண்டு குடும்பமும் சந்தையில் நெல்லுக்கும் மீனுக்கும் விலை பேசியிருக்கும். ஒரு குசினியில் சமைத்திருக்காது. இங்கே ஒரே அடுப்பு, ஒரே சட்டி. வாடகை அப்படி.

நான் இங்கே என்ன படிக்கிறேன் என்று ஊரிலிருந்து பலர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், உயிருள்ள ஒன்று எப்படி நடக்கிறது என்பதைக் கணக்காக எழுதி, அந்தக் கணக்கைக் கம்பியூட்டர் என்ற இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறோம். ஒரு பெரிய அறை நிறைய அலுமாரிகளை அடுக்கியதுபோல இருக்கும் அந்த இயந்திரம். நாங்கள் எழுதுவதைக் காகித நாடாவில் துளைகளாகக் குத்திக் கொடுத்தால் அது வாசித்து, கணித்து, விடையை நீளக் கடதாசியில் அடித்துத் தரும். உயிரைத் தொடாமல் உயிரை நடத்திப் பார்ப்பது என்று சொல்லலாம். எங்கள் பகுதியில் ஒருவர் ஒற்றை நரம்பைக் கணிக்கிறார், இன்னொருவர் இதயத் துடிப்பைக் கணிக்கிறார், நான் ஒரு களப்பு முழுவதிலுமுள்ள இறால்களைக் கணிக்கிறேன். அந்தக் களப்பு நந்திக்கடல், மணல் திட்டு கடலிலிருந்து பிரிக்கும் எங்கள் ஊர் உப்பேரி. மாரி மழையில் மணல் திட்டு உடைந்து முகத்துவாரம் திறக்கும்போது கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வரும். களப்பில் வளரும். வளர்ந்ததும் முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். இடையில் எங்கள் வீச்சுவலைகள் நிற்கும். எத்தனை வந்தன, எத்தனை வளர்ந்தன, எத்தனை வலையில் போயின என்பதுதான் என் கணக்கு.

ஒற்றை நரம்பைக் கணிப்பவள் பெயர் ஜில். என் வயதுக்காரி. அவளுடைய நரம்பு கணவாய் மீனின் நரம்பு. கணவாய்க்கு மற்றப் பிராணிகளைவிடத் தடித்த நரம்பு ஒன்று இருப்பதால் விஞ்ஞானிகள் அதை விரும்புவார்கள். அந்த நரம்பில் ஒரு துடிப்பு ஓடி முடிய விநாடியில் மிகச் சிறிய பங்குதான் ஆகும். ஆனால் அந்தக் கணப்பொழுதை நுணுக்கி நுணுக்கிக் கணிக்க இயந்திரத்துக்கு ஒரு பிற்பகல் முழுவதும் வேண்டும். என் களப்பில் பத்து வருடம் அதே இயந்திரத்தில் நான் கதிரையில் இருந்து எழும்புவதற்குள் ஓடி முடிந்துவிடும். அவளுடைய கணத்துக்காக அந்தப் பெரிய இயந்திரம் மூச்சிரைத்து உழைக்கும். எங்கள் பத்து மாரியையும் பத்துக் கோடையையும் தும்மிவிட்டுப் போய்விடும். இதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சுகமாக இல்லை.

எனக்கு ஜில்மேல் பொறாமை. எதையும் வரிசைப்படுத்தினால் மனம் அடங்கும் என்று பழகியவள் நான் என்பதால், ஒருநாள் பஸ்ஸில் அதையும் வரிசைப்படுத்திப் பார்த்தேன். கதவைத் தட்டாமல் இயந்திர அறைக்குள் போகிறாள். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய தாய் ரெலிபோன் எடுக்கிறார். மழையில் நனைந்தால் சிரிக்கிறாள், எனக்கோ மாற்றிக்கட்ட இரண்டு நல்ல சேலைதான். ஒரு விஷயம் தெரியாவிட்டால் தெரியாது என்று உரத்துச் சொல்கிறாள். நான் சொன்னால் என் நாட்டுக்கே தெரியாது என்று ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணவாய் நரம்பைக் கணிக்கும் இவள் தன் வாழ்நாளில் ஒரு கணவாயைக் கையால் தொட்டதில்லை. நான் எட்டு வயதிலிருந்து கணவாய் துப்பரவு செய்தவள். மை தெறித்த சட்டையோடு ஞாயிறு பூசைக்குப் போய்ச் சிஸ்டரிடம் ஏச்சு வாங்கியவள். பட்டியலை முடித்தபோது பொறாமை அடங்கவில்லை. ஒழுங்காக அடுக்கி வைத்ததுபோல இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இந்த வருடம் அந்தப் பொறாமைக்கு ஒரு வேலையும் வந்தது. வரும் கல்வியாண்டு முழுவதும் திங்கட்கிழமைப் பிற்பகல்களில் இயந்திரத்தை எங்கள் பகுதியில் ஒருவருக்கு மட்டும் ஒதுக்குவார்கள். ஜில்லுக்கா எனக்கா என்பதை வைகாசி முடிவதற்குள் பேராசிரியர் தீர்மானிக்க வேண்டும். ஜில்லுக்குக் கிடைக்காவிட்டால் அவள் ஒரு வருடம் காத்திருப்பாள். எனக்குக் கிடைக்காவிட்டால் புலமைப்பரிசில் முடிந்து பாதிக் கணக்கோடு கப்பல் ஏறவேண்டும்.

என் பக்கத்தில் ஒரு பலம் இருந்தது. இங்கே வருமுன் கொழும்பில் பட்டம் முடித்து, இரண்டு வருடம் கடற்றொழில் பகுதியில் உதவியாளராக இருந்து, நந்திக்கடல் இறாலை நானே கரையில் நின்று தராசில் நிறுத்தவள். அந்த எண்களை இயந்திரத்தில் ஓட்டியபோது ஒரு அதிசயம் தெரிந்தது. இரண்டு வருடமும் வைகாசியில் ஒரு கிழமை, ஏழு நாளும், இறால் முற்றாக மறைந்து, அடுத்த கிழமை எதுவும் நடக்காததுபோலத் திரும்பி வந்தது. மறையும் கிழமை இரண்டு வருடமும் ஒரே திகதியில் இல்லை. வைகாசிப் பௌர்ணமியோடு சேர்ந்து நகர்ந்தது. நிலவோடு நகரும் ஒன்றைக் கண்டால் உயிரியல்காரர்களுக்குக் கண் விரியும். வைகாசியில் கச்சான் என்கிற தென்மேல் காற்று அடித்துக் களப்பு வற்றி உப்பு ஏறும். அந்த உப்பு இறாலின் உடம்பில் ஒரு எல்லையைத் தொட, பௌர்ணமியும் சேர, அது சேற்றுக்குள் புதைந்து ஒளிந்துகொள்கிறது என்று எழுதினேன். இதை நிறுவ ஒவ்வொரு இறாலின் உடம்புக்குள்ளும் உப்பு ஏறி இறங்குவதை முதலில் கணித்து, பிறகு அப்படி ஆயிரக்கணக்கான உடம்புகளைச் சேர்த்துக் களப்பைக் கணிக்க வேண்டும். உடம்பு ஒரு அளவு, களப்பு இன்னொரு அளவு. இரண்டையும் ஒரே கணக்கில் பூட்டுவது. அதற்கு இயந்திரத்தின் திங்கட்கிழமைகள் எல்லாம் வேண்டும். பேராசிரியர் வாசித்துவிட்டு, "மிக அழகான யோசனை" என்றார். ஜில் என் தோளைத் தட்டினாள். அன்று முதல்தடவையாக அவளுடைய முகத்தில் என் முகத்துப் பொறாமையின் நிறத்தைக் கண்டதாக நினைத்தேன். அந்த நினைப்போடு வீட்டுக்கு நடந்துபோனது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

தீர்மானத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, பரமேஸ்வரி அக்கா குசினியைக் கழுவித் துடைத்துவிட்டு வாசலில் நின்று அறிவித்தார்.

"இஞ்சை பார் றீற்றா, வாற திங்கள் அம்மனுக்குப் பொங்கல். அதுவரைக்கும் இந்தக் குசினிக்குள்ளை மீன் மச்சம் வரப்படாது. சொல்லிப்போட்டன்."

"கடைக்காரர் வெள்ளிக்கிழமை தலை எடுத்து வைச்சிருப்பார் அக்கா."

"பூனை செத்துப்போச்செண்டு சொல்லு."

"உங்கடை பேர்ப் பூனை."

"அப்ப விரதமெண்டு சொல்லு. நீ வேதக்காரி, வெளியிலை போய் என்னத்தையெண்டாலும் தின். சட்டியைத் தொடாதை."

எனக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துப்போய், அந்த உப்புத் தண்ணீரில் விளக்கு எரிப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை பொங்கல். வன்னி முழுவதும் வண்டில் கட்டி வந்து சேரும். அந்த நாட்களில் எங்கள் பகுதிச் சைவ வீடுகளில் மச்சம் சேர்க்கமாட்டார்கள். நாங்கள் சேசுவைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் எங்கள் வரிசை வீடுகளில் வலைகள் கொடியில் காயும். சிறுமியாக இருந்தபோது ஏன் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். கிழிந்த வலையைக் கால்விரலில் மாட்டி முடிச்சுப் போட்டபடி சொன்னார்: "பிடிச்சு ஆருக்குப் பிள்ளை விக்கிறது? வாங்கிற சனமெல்லாம் கோயிலிலை. அதோடை, கடல்தண்ணியிலை விளக்கெரியேக்கை நாங்கள் அதே தண்ணிக்குள்ளை வலையோடை நிண்டா வடிவாயிருக்குமே?" பிறகு எங்களையும் பொங்கலுக்கு அனுப்புவார். வறுத்த கச்சான் கொட்டையும் கைக்குக் காப்பும் வாங்க ஆளுக்குச் சில்லறை தருவார்.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை நான் தலை வாங்கப் போகவில்லை. பல்கலைக்கழகச் சாப்பாட்டு அறையில் ஜில்லுக்கு எதிரே இருந்து, முகமில்லாத மீன் துண்டையும் கிழங்குப் பொரியலையும் சாப்பிட்டேன். அவளுக்கும் என் பூனையைத் தெரியும். பத்திரிகைப் பொதியை ஒருநாள் கண்டு கேட்டபோது அதே பொய்யைச் சொல்லியிருந்தேன்.

"பூனைக்கு இன்றைக்கு மீன் வாங்கவில்லையா?" என்றாள்.

"இந்தக் கிழமை அது மீன் சாப்பிடாது."

"ஐயோ, சுகமில்லையா?"

"விரதம்."

ஜில் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டாள். அதற்குமேல் பூனையைக் காப்பாற்ற முடியவில்லை. அக்கா, அம்மன், உப்புத் தண்ணீர் விளக்கு எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத் தண்ணீரில் விளக்கு எரியுமா என்று கேட்டுச் சிரிப்பாள் என்று ஆயத்தமாக இருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"நீங்கள் கத்தோலிக்கர்கள். உங்களுக்கு என்ன?"

"அயலவர்கள் சாப்பிடாவிட்டால் யாருக்கு விற்பது? பிடிப்பது மரியாதையும் இல்லை."

"அப்படியென்றால் யாருமே மீன் பிடிப்பதில்லையா?"

"எங்கள் பக்கத்தில் பிடிப்பதில்லை."

"இறாலும்?"

"இறாலும்தான்."

"எப்போது வரும் இந்தத் திருவிழா?"

"வைகாசியில். பௌர்ணமியை ஒட்டி..."

ஜில் என்னைப் பார்க்காமல் உப்புப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னரே அவளுக்கு விளங்கியிருந்தது. இறால் எங்கும் ஒளியவில்லை. அந்தக் கிழமை களப்பில் வலை இல்லை. வலை இல்லாத நாட்களுக்கு நான் ஊரில் ஒரு சிறு கோடு மட்டும் இழுத்திருந்தேன். அது என்ன என்று எனக்கு நானே விளக்கி எழுதத் தேவை இருக்கவில்லை. நாடாவில் குத்தும்போது கோட்டுக்குத் துளை இல்லாததால் பூச்சியம் குத்தினேன். பூச்சியம் என்றால் வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்று இயந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு வருடமும் அந்த நாட்களில் நான் எங்கே நின்றேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வற்றாப்பளையில், பொங்கல் புகைக்குள், சினேகிதிகளோடு காப்பு விலை பேசிக்கொண்டு நின்றேன். வெயில், உப்பு, நிலவு, சேறு எல்லாவற்றையும் யோசித்த எனக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை. மறந்தால்தானே நினைப்பு வரும். அது மூச்சுவிடுவதுபோல எனக்குள்ளேயே இருந்தது. வெளியே நின்ற ஒருத்தி மீன் துண்டு ஆறுவதற்குள் கண்டுவிட்டாள்.

"நான் யாரிடமும் சொல்லமாட்டேன்," என்றாள் ஜில். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப இறால் சேத்துக்கை ஒளிக்கேல்லை. கொப்பர்தான் வலையோடை வீட்டுக்கை ஒளிச்சிருக்கிறார்!"

"சிரியாதேங்கோ அக்கா. திங்கட்கிழமை முடிவு."

"அந்தப் பெட்டை சொல்லமாட்டனெண்டவளெல்லே? பிறகென்ன, வாயை மூடிக்கொண்டிரு."

"அதுதான் ஏலாது."

"ஏன், பாவசங்கீர்த்தனமோ?"

"இல்லை அக்கா. நான் பேசாமல் இருந்து எனக்குக் கிடைச்சால், ஒவ்வொரு திங்களும் அவள் என்னைப் பாத்துச் சிரிப்பாள். அவள் தந்தது மாதிரி இருக்கும்."

அக்கா சிரிப்பை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு எரிச்சல் கூடித்தான் நேர்மை வருகுது," என்றார். விஞ்ஞானத்துக்காக உண்மை சொன்னேன் என்று இந்த இடத்தில் எழுதினால் நன்றாக இருக்கும். ஜில்லின் கருணை எனக்கு வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் பேராசிரியரின் அறைக்குப் போனேன். ஊரில் அந்நேரம் பொங்கல் நாள் பிற்பகலாகியிருக்கும். பூச்சியத்தைப் பற்றிச் சொன்னேன், வலையைப் பற்றிச் சொன்னேன். அம்மனைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வருத்தமாக இருக்கிறது. அது அழகான யோசனை," என்றார். பிழையைத் தேடிக் கண்டதற்குப் பாராட்டினார். நான் தேடவில்லை, ஜில்தான் கண்டாள் என்றேன். அந்த வசனத்தைச் சொல்ல எவ்வளவு கடினமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திராது. இனி ஒவ்வொரு இறாலின் உடம்பையும் கணிக்கவேண்டிய தேவை இல்லைத்தானே என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் உங்களுடையது சிறிய வேலை. இடையில் கிடைக்கும் நிமிடங்களிலேயே முடிந்துவிடும்," என்றார் ஆறுதலாக. திங்கட்கிழமைகள் ஜில்லுக்குப் போயின. நந்திக்கடல் சிறிய வேலையாகியது.

அதே கிழமை சனிக்கிழமை ஜில் எங்கள் அறைக்கு வந்தாள். கணவாய் ஒன்றை அறுத்துக் காட்டுவாயா என்று கேட்டிருந்தாள். தூண்டில் இரைக்காக வைத்திருந்ததைத் துறைமுகத்தில் வாங்கி வைத்திருந்தேன். கதவைத் திறந்த அக்காவிடம் அவள் வெட்கம் கலந்த சிரிப்போடு, "பூனையைப் பார்க்கலாமா?" என்று கேட்க, அக்கா தாதிச் சீருடையில் நிமிர்ந்து நின்று, "நான்தான் அது. விரதம் முடிந்துவிட்டது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "கெதியா வெட்டடி, பூனைக்குப் பசிக்குது," என்றார்.

நான் கணவாயைப் பலகையில் வைத்து ஒரே கீறலில் விரித்தேன். மைப்பையை உடையாமல் எடுத்தேன். உள்ளே இருக்கும் கண்ணாடிபோன்ற தகட்டை உருவினேன். கை தானாக ஓடியது, ஜில் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பது கைக்கு இன்னும் வேகத்தைக் கொடுத்தது. வழக்கம்போல உட்பக்கச் சதையை நகத்தால் வழிக்கப் போனபோது, "பொறு," என்றாள். சுட்டுவிரலைச் சதைக்குமேல் தொடாமல் பிடித்து, படத்தை மனதில் திருப்புகிறவள்போல ஒருமுறை தலையைச் சாய்த்து, ஒரு இடத்தில் இறக்கினாள். அங்கே ஒரு சிறு முடிச்சிலிருந்து விசிறிபோல வெள்ளை நூல்கள் பிரிந்து போயின. அவற்றில் ஒன்று மற்றவற்றைவிடத் தடிப்பு. அவள் இரண்டு வருடமாக எண்களில் பார்த்துக்கொண்டிருந்த நரம்பு. நான் எட்டு வயதிலிருந்து நகத்தால் வழித்துக் காகத்துக்கு எறிந்த அழுக்கு.

ஜில் அந்த நூலின்மேல் விரலை மெதுவாக ஓட்டினாள். பிறகு கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "சின்ன வயதிலிருந்தே இதெல்லாம் உன் கையில் இருந்திருக்கிறது. எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது," என்றாள். மழை பெய்கிறது என்று சொல்வதுபோல, அவ்வளவு இலேசாகச் சொன்னாள். நான் ஒரு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு திரிந்த சொல். அதை அவள் அப்படி எடுத்துப் பலகையில் வைத்ததைப் பார்த்து, அந்த வாய்க்காகவும் அவள்மேல் பொறாமைப்பட்டேன். அக்கா மிளகாய்த்தூளைக் கூடப் போட்டுக் கறி வைத்தார். ஜில் கண்ணீர் வழியச் சாப்பிட்டாள், இரண்டாம்முறையும் கேட்டாள்.

இப்போதெல்லாம் திங்கட்கிழமைகளில் இயந்திர அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். ஜில்லின் நாடா முடிந்து மிச்சமாகும் நிமிடங்களில் என் நாடாவைப் போட விடுகிறார்கள். அதில் இப்போது ஒரு புதிய வரி இருக்கிறது. வைகாசிப் பௌர்ணமி சேரும் கிழமையில் வலைகளை நிறுத்து என்பது அந்த வரி. இயந்திரம் ஏன் என்று கேட்பதில்லை. அம்மனையும் அறியாமல், விளக்கையும் அறியாமல், இந்தக் குளிர் ஊரின் சீமெந்துக் கட்டடத்துக்குள் அந்தக் கிழமை வந்ததும் அது வலையை உயர்த்திக் கொடியில் போட்டுவிடுகிறது. கணக்கு ஊரின் எண்களோடு நன்றாகப் பொருந்துகிறது. மழை வருகிறது, முகத்துவாரம் திறக்கிறது, குஞ்சுகள் உள்ளே வருகின்றன, வளர்ந்தவை வெளியே போகின்றன. கடலிலும் களப்பிலும் அவற்றை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை; என் பொறாமைப் பட்டியலில் கடைசியாக அவற்றையும் சேர்த்துக்கொண்டேன்.

கடதாசி வெளியே வரும்போது அந்தக் கிழமையின் வரியைத் தேடி விரலை வைப்பேன். அப்பா வீட்டில் இருக்கும் கிழமை. வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார், சில்லறையை எண்ணாமல் கையில் தருவார். நான் அந்த வரியில் இன்னும் கொஞ்சநேரம் நிற்கலாம் என்று நினைப்பதற்குள், கடதாசி என் விரலுக்குக் கீழால் நழுவி ஓடிக்கொண்டிருக்கும். இயந்திரம் அதற்குள் பத்து வருடத்தையும் முடித்துவிட்டு, அடுத்தவருடைய நாடாவுக்காகக் காத்திருக்கும்.